ஒரு ஷாட்டைத் தேடி வருபவர்கள்: திரைப்படச் சுற்றுலாவில் போனும் சமூக ஊடகமும்

சுவிட்சர்லாந்தில் பிரியன்ஸ் ஏரிக்கரையில் ஈசல்ட்வால்ட் என்றொரு கிராமம் இருக்கிறது. குடியிருப்பவர்கள் ஏறக்குறைய 400 பேர். ஏரிக்குள் நீண்டு நிற்கும் ஒரு சின்ன மரப் படகுத்துறை, சுற்றிலும் நீர், அதற்குப் பின்னால் மலை. 2019 டிசம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ என்ற கொரியத் தொடரில் நாயகன் பியானோ வாசிக்கும் காட்சி இங்கேதான் வரும். தொடர் முடிந்து, கொரோனா காலக் கட்டுப்பாடுகளும் தளர்ந்த பிறகு, ஆசிய நாடுகளிலிருந்து ரசிகர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். 2023-இல் கிராம நிர்வாகம் படகுத்துறையின் முகப்பில் ஒரு சுழல் கதவை வைத்து, உள்ளே போக 5 பிராங்க் கட்டணம் வாங்க ஆரம்பித்தது.

இப்படி ஓர் இடத்துக்கு வருபவர் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் கூர்ந்து கவனியுங்கள். வரிசையில் நிற்கும்போதே அந்தக் காட்சியின் ஸ்டில்லைப் போனில் திறந்து வைத்துக்கொள்கிறார். முறை வந்ததும் போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, திரையில் இருக்கும் மலை முகட்டையும் எதிரே நிற்கும் முகட்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஓரடி இடப்பக்கம் நகர்கிறார், அரையடி பின்னால் போகிறார். இரண்டும் ஒன்றாகப் பொருந்தும் நொடியில் முகம் மலர்கிறது. கூட வந்தவரிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போய் நிற்கிறார். படத்தை அங்கேயே பதிவேற்றுகிறார். எங்கோ வேறொரு நாட்டில் அதைப் பார்க்கும் ஒருவர் ‘போக வேண்டிய இடங்கள்’ பட்டியலில் அதைச் சேமித்துக்கொள்கிறார்.

திரைப்படச் சுற்றுலாவை வளர்க்க நினைக்கும் யாராக இருந்தாலும் இந்த ஒரு நிமிடத்திலிருந்து யோசிக்கத் தொடங்குவது நல்லது. போன் தரும் பலனும் அது கொண்டுவரும் தொல்லையும் இங்கேயே பிறக்கின்றன. எல்லோரும் அதே ஓரடி இடத்தில் நிற்க விரும்புகிறார்கள். அந்த ஓரடிக்கு ஆளைக் கூட்டிவருவதைச் சமூக ஊடகம் தானாகவே செய்துவிடும், அதற்குப் பெரிய துறையோ பட்ஜெட்டோ தேவையில்லை. வந்தவரை அந்த ஓரடியிலிருந்து நகர்த்தி ஊருக்குள் கூட்டிப்போக வேண்டும். ஆள் போட்டு, யோசித்து, காசு செலவழித்துச் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

படம் பார்த்து ஊர் பார்க்கப் போவது புதிய பழக்கம் இல்லை. 1965-இல் வந்த ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தின் இடங்களைச் சுற்றிக் காட்டும் பஸ்கள் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் இன்றும் ஓடுகின்றன. அந்தக் காலத்தில் எந்த இடத்தில் நிறுத்துவது, எங்கே என்ன சொல்வது என்பதெல்லாம் பஸ் வழிகாட்டியின் கையில் இருந்தது. இப்போது அது ஒவ்வொருவரின் கையிலும் இருக்கிறது. 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தது. அப்புறம் குறும் வீடியோக்கள் வந்தன. ஊரை விளம்பரப்படுத்துவது சுற்றுலாத் துறையின் கையிலிருந்து ரசிகரின் கைக்கு மாறிவிட்டது.

இதை முன்கூட்டியே உணர்ந்து வேலை செய்த நாடு நியூசிலாந்து. ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் பாகம் வெளியான 2001-லேயே அந்தப் படவரிசையால் நாட்டுக்குக் கிடைக்கக்கூடிய பலன்களைக் கவனிக்க ஓர் அமைச்சருக்குத் தனிப் பொறுப்பு கொடுத்தார்கள். 2010-இல் அதே கதையுலகத்தைச் சேர்ந்த ‘ஹாபிட்’ படங்களின் ஷூட்டிங் நாட்டை விட்டுப் போய்விடுமோ என்ற நிலை வந்தபோது அரசும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனமும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. படத்தின் டிவிடிகளிலும் இணையப் பதிவிறக்கங்களிலும் நியூசிலாந்தைப் பற்றிய விளம்பரப் படமும் சேர வேண்டும் என்பது அதில் ஒரு அம்சம். 2012-லும் 2014-லும் ஏர் நியூசிலாந்து தன் விமானப் பாதுகாப்பு விளக்க வீடியோக்களையே அந்தக் கதையுலகத்தின் வேடங்களில் எடுத்து யூடியூபில் விட்டது. சீட் பெல்ட் எப்படிப் போடுவது என்று சொல்லும் வீடியோவை விமானம் ஏறாதவர்களும் தேடிப்போய்ப் பார்த்தார்கள், ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். மாட்டமாட்டாவில் ஒரு பண்ணைக்குள் இருக்கும் ஹாபிட்டன் செட்டை, அதாவது கதையில் ஹாபிட்கள் வாழும் ஊரை, பிந்தைய படங்களுக்காக நிலைத்து நிற்கும் பொருட்களால் திரும்பக் கட்டினார்கள். அங்கே யாரும் தன்னிஷ்டத்துக்கு நுழைய முடியாது. நேரம் குறித்து முன்பதிவு செய்து வழிகாட்டியோடுதான் போக வேண்டும்.

கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று இங்கே இருக்கிறது. விளம்பரத்துக்கான பேச்சு ஷூட்டிங்குக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். படம் ஓடிப் பேர் வாங்கிய பிறகு ஓர் ஊர் போய் ஸ்டில்ஸ் கேட்டால் கிடைப்பது கஷ்டம். படத்தின் காட்சிகளுக்கு உரிமை தயாரிப்பாளரிடம் இருக்கும், நடிகரின் முகத்தை விளம்பரத்தில் பயன்படுத்த அவருடைய ஒப்புதல் தனியாக வேண்டியிருக்கும், பாட்டுக்கு உரிமையாளர் வேறொருவராக இருப்பார். அனுமதி கேட்டு லொகேஷன் மேனேஜர் வந்து நிற்கும் அன்றுதான் ஊரின் கை மேலோங்கி இருக்கும். பத்து ஸ்டில்ஸ், ஷூட்டிங் நடக்கும்போது எடுத்த சில நிமிட வீடியோ, ‘இங்கே எடுத்தது’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, இவ்வளவையும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடலாம்.

சரி, ரசிகருக்கு ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அவர் செய்வது தேடல். சமூக ஊடகத்தில் ஒரு காட்சித் துணுக்கின் கீழே தவறாமல் வரும் கேள்வி, ‘இது எந்த இடம்?’ ஊரின் கணக்கிலிருந்து யாராவது அதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னால் போதும், பெரிய பிரச்சாரமே தேவைப்படாது. எந்த மாதத்தில் அந்தப் பச்சை இருக்கும், எந்த நேரத்தில் வெயில் அந்தப் பக்கம் விழும், கடைசி பஸ் எப்போது, எதுவரை நடக்கலாம், எங்கே வேலி. இதையெல்லாம் அந்த ஊர்க்காரர்தான் சொல்ல முடியும்.

ஆனால் படத்தின் இடத்தை வரைபடத்தில் குறிப்பது தோன்றுவதுபோல் எளிதானது இல்லை. கதை நடக்கும் இடம் ஒன்று, ஷூட்டிங் நடந்த இடம் வேறொன்று. 1995-இல் வந்த ‘பிரேவ்ஹார்ட்’ ஸ்காட்லாந்தின் கதை. அதில் பெரும்பகுதி அயர்லாந்தில் எடுக்கப்பட்டது. ஆனாலும் படம் பார்த்தவர்கள் தேடிப்போனது ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங்கில் இருக்கும் வாலஸ் நினைவுக் கோபுரத்தை. ஒரே வீட்டின் வாசல் ஓர் ஊரிலும் கூடம் ஸ்டூடியோவிலும் கொல்லைப்புறம் இன்னொரு நாட்டிலும் இருப்பது சினிமாவில் சாதாரணம். நல்ல செயலி இந்த உண்மையை மறைக்காது. ‘இங்கே எடுத்தது வாசல் மட்டும், உள்ளே நடக்கும் காட்சி செட்டில் எடுத்தது’ என்று சொன்னால் ரசிகர் கோபப்பட மாட்டார். சினிமா எப்படி ஒட்டப்படுகிறது என்று தெரிந்துகொள்வதே அவருக்கு ஒரு சுவாரஸ்யம்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இரண்டு தெருக்களை இணைக்கும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. 2019-இல் ‘ஜோக்கர்’ வெளியானதும் அது கூகுள் மேப்ஸில் ‘ஜோக்கர் படிகள்’ என்ற பெயரில் சுற்றுலாத் தலமாகவே வந்துவிட்டது. தினமும் அதில் ஏறி இறங்கிய அக்கம்பக்கத்தாரை யாரும் கேட்கவில்லை. நியூ மெக்சிகோவின் அல்புகெர்க்கியில், ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் நாயகன் வீடாக வந்தது உண்மையில் ஒரு குடும்பம் வசித்துவந்த வீடு. தொடரில் வருவதுபோலவே கூரைமேல் பீட்சாவை வீச ஆட்கள் வந்தார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று தொடரை உருவாக்கியவரே பொதுவில் கேட்டுக்கொண்டார். கடைசியில் 2017-இல் வீட்டுக்காரர்கள் சுற்றிலும் இரும்பு வேலி போட வேண்டியதாயிற்று. வரைபடத்தில் ஒரு பின்னை எங்கே குத்தக்கூடாது என்று முடிவு செய்வதும் சுற்றுலாத் துறையின் வேலைதான் என்பேன். குடும்பங்கள் வசிக்கும் வீடானால் தெருமுனை வரைக்கும் வழி காட்டினால் போதும்.

இனி அந்த ஓரடி இடத்துக்கு வருவோம். போனின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் துல்லியம் தரும். மரங்களுக்கடியிலும் பாறைச் சுவர்களுக்கிடையிலும் பிழை கூடும். ஊரைக் கண்டுபிடிக்க அது தாராளம், கேமரா நின்ற புள்ளியைக் கண்டுபிடிக்கப் போதாது. ‘வளைந்த மரத்துக்கும் கல்தூணுக்கும் நடுவே நில்லுங்கள்’ என்ற ஒற்றை வரி செயற்கைக்கோளைவிட இங்கே உதவும். காட்சியின் ஸ்டில்லைக் கேமராத் திரைமேல் மங்கலாகப் படரவிட்டு, எதிரே இருப்பதோடு கோடு கோடாகப் பொருத்திப் படமெடுக்க உதவும் செயலிகளும் வந்துவிட்டன. செட்ஜெட்டர்ஸ் அப்படிப்பட்ட ஒன்று.

இடம் சரியாக இருந்தும் படம் சரியாக வராமல் ஏமாந்து நிற்பவர்கள் நிறைய. காரணம் லென்ஸ். ஒளிப்பதிவாளர் பல நேரம் தொலைவில் நின்று, தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ் போட்டு எடுப்பார். அப்போது பின்னாலிருக்கும் மலை நாயகியின் தோளுக்குப் பின்னாலேயே எழுந்து நிற்பதுபோல இருக்கும். போனின் வழக்கமான லென்ஸ் அகலமாகப் பார்க்கும், அதன் குவியத் தூரம் 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 24 முதல் 26 மி.மீ. வரும். ஆள் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று நாம் கிட்டே போவோம், மலை சுருங்கி எங்கோ போய்விடும். தீர்வு ரொம்ப எளிது. எடுப்பவர் நன்றாகப் பின்னால் போய், 3 மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் மலை திரும்பி வந்துவிடும். இன்னொன்று, பெரிய படங்கள் 2.39:1 என்ற அகலத்தில் வருவது வழக்கம். ரீல்ஸோ 9:16, நெட்டுக்குத்தாக நிற்பது. அகலத்துக்காக யோசித்த காட்சியை நெட்டுக்குத்தாக எடுத்தால் இருபுறமும் வெட்டுப்பட்டுவிடும். ‘போனைப் படுக்கவைத்து எடுங்கள்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனையோ பேரின் நாள் நன்றாக அமையும். கிராஃபிக்ஸும் முப்பரிமாணப் பொம்மைகளும் நிறைந்த செயலிக்குச் செலவு செய்யும் முன் இந்தச் சின்ன விஷயங்களைச் செய்துவிட வேண்டும்.

ஏஆர் எனப்படும் மிகை மெய்ம்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-இல் போக்கிமான் கோ என்ற போன் விளையாட்டு வந்தபோது, போன் கேமரா வழியே தெருவைப் பார்த்து அதில் இல்லாத ஒன்றைக் காணும் வித்தை உலகத்துக்கே பழகிவிட்டது. படப்பிடிப்பு முடிந்து செட் பிரிக்கப்பட்ட வெறும் மைதானத்தில் அந்தக் கோட்டையை மறுபடி எழுப்பிக் காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் உச்சி வெயிலில் திரை தெரியாது, பேட்டரியும் வேகமாக இறங்கும். போதாததற்கு சிக்னல். சினிமாக்காரர்கள் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம், அங்கே கம்பமும் கம்பியும் டவரும் கண்ணில் படாதது. அதே காரணத்தால் அங்கே இணையமும் தடுமாறும். படங்கள், வரைபடம், ஒலிக் குறிப்புகள் எல்லாம் விடுதியிலேயே இறக்கிக்கொண்டு, இணையம் இல்லாமல் வேலை செய்ய வேண்டும். ஒரே ஒரு பயணத்துக்காகப் பெரிய செயலியை நிறுவப் பலர் தயங்குவார்கள். க்யூஆர் கோடைக் காட்டினால் திறக்கும் எடை குறைந்த இணையப் பக்கம் ஒன்று பெரும்பாலும் போதும்.

ஒலியைப் பலர் மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஷூட்டிங் நடந்த ஊரில் துணை நடிகராகக் கூட்டத்தில் நின்றவர் இருப்பார், யூனிட்டுக்கு வண்டி ஓட்டியவர் இருப்பார், மழைக் காட்சிக்குத் தண்ணீர் லாரி வந்தபோது வேடிக்கை பார்த்தவர் இருப்பார். அவர்கள் சொல்லும் இரண்டு நிமிடக் கதையை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து காதில் போட்டால் கண் போன் திரையை விட்டு இடத்தைப் பார்க்கும். அந்தக் கதை வேறெங்கும் கிடைக்காது. அதைச் சொன்னவருக்கும் இந்தச் சுற்றுலாவில் ஒரு பங்கு உண்டாகும்.

ஆளை நகர்த்துவது எப்படி என்பதற்கு நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்த உதாரணம் வட அயர்லாந்து. ஆன்ட்ரிம் பகுதியில் ‘டார்க் ஹெட்ஜஸ்’ என்று 18-ஆம் நூற்றாண்டில் நட்ட பீச் மரங்கள் இருபுறமும் வளைந்து குகைபோல் மூடிய ஒரு சாலை. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் ஒரு காட்சியில் வந்ததும் உலகமே அங்கே வந்தது. 2016 ஜனவரியில் அடித்த புயலில் அவற்றில் சில மரங்கள் சாய்ந்தன. விழுந்த மரத்திலிருந்து 10 கதவுகளைச் செதுக்கினார்கள். அந்த ஆண்டு வந்த தொடரின் 10 அத்தியாயங்களுக்கு ஒன்றாக, ஒவ்வொன்றிலும் அந்த அத்தியாயத்தின் சித்திரம். கதவுகளை ஒரே அருங்காட்சியகத்தில் வைக்காமல், ஷூட்டிங் நடந்த இடங்களுக்குப் பக்கத்தில் இருந்த பப்களில் வெவ்வேறு ஊர்களில் மாட்டினார்கள். அத்தியாயம் ஒளிபரப்பாக ஆக ஒவ்வொரு கதவாக வெளியே வந்தது. வாராவாரம் பகிர ஒரு புதிய படம். வருபவருக்கு ஒரு கடவுச்சீட்டுப் புத்தகம், ஒவ்வொரு கதவிலும் ஒரு முத்திரை. ஒரே சாலையில் முட்டி மோதிக்கொண்டிருந்த கூட்டம் 10 ஊர்களைச் சுற்றத் தொடங்க ஒரு காரணம் கிடைத்தது. சாப்பிடவும் தங்கவும் செலவழித்த பணமும் அந்த ஊர்களுக்கே போனது.

ஜப்பானிலும் இதே புத்தி வேறு வடிவில் வேலை செய்கிறது. அனிமே எனப்படும் ஜப்பானிய கார்ட்டூன் படங்களில் வரைந்த இடங்களை நேரில் போய்ப் பார்ப்பதற்கு அங்கே ‘செய்ச்சி ஜுன்ரெய்’ என்று பெயர், புனிதத் தல யாத்திரை என்று பொருள். 2016-இல் தொடங்கிய அனிமே சுற்றுலா சங்கம் ரசிகர்களிடம் வாக்கெடுத்து 88 தலங்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஷிகோகு தீவின் 88 கோயில் யாத்திரை அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது, எண்ணை அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள். ஒரு தலத்தைப் பார்த்தவருக்கு இன்னும் 87 பாக்கி இருக்கிறது. அதே ஜப்பானில் எதிர்மாறான காட்சியும் உண்டு. காமகுராவில் கடலோர ரயில் கடவு ஒன்று ‘ஸ்லாம் டங்க்’ அனிமேயால் புகழ் பெற்றது. அங்கே ரயில் வரும் நொடியைப் பிடிக்கக் கூட்டம் சாலையிலேயே இறங்கி நிற்கிறது, காவலர்களை நிறுத்தி ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கிறது. பக்கத்தில் போக வேறு இடம் யாரும் சொல்லாதபோது இப்படித்தான் ஆகும்.

எல்லா இடத்திலும் ஆளை வேறு பக்கம் திருப்பிவிட முடியாது. தாய்லாந்தின் மாயா கடற்கரை 2000-இல் வந்த ‘தி பீச்’ படத்தால் உலகப் புகழ் பெற்றது. படகுகளின் நங்கூரமும் கூட்டமும் பவளப் பாறைகளைச் சிதைத்ததால் 2018 ஜூனில் அதை மூடினார்கள், 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகுகள் தீவின் பின்புறத்தில் நிற்க வேண்டும், ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அயர்லாந்தின் ஸ்கெலிக் மைக்கேல் பாறைத்தீவு 1996 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வந்தது. அங்கே ஒரு நாளைக்கு 180 பேர்தான் கரையிறங்கலாம், 600-க்கு மேல் கற்படிகள் ஏற வேண்டும். இப்படிப்பட்ட இடங்களுக்கு விளம்பரத்தைக் கூட்டுவது பாவம் என்றே நினைக்கிறேன். 360 பாகைக் காட்சியைப் போனில் கொடுத்துவிட்டு, எதிர்க்கரையில் இருக்கும் ஊர்களைப் பார்க்கச் சொல்வதே முறை.

வரம்பைத் திடீரென்று சுவராக எழுப்பினால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் காட்டியது. ‘ஃப்ரோஸன்’ படத்தின் ஊருக்கு இதுதான் மாதிரி என்ற பேச்சு இணையத்தில் பரவி, ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில் கூட்டம் அலைமோதியது. 2023 மே மாதம் செல்ஃபி எடுக்கும் இடத்தில் காட்சியை மறைத்து ஒரு மரத்தடுப்பு வைத்தார்கள். சமூக ஊடகத்தில் எதிர்ப்பு கிளம்ப, சில நாளில் எடுத்துவிட்டார்கள். குரோஷியாவின் டுப்ரோவ்னிக் கொஞ்சம் யோசித்துச் செய்தது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கூட்டமும் சொகுசுக் கப்பல் கூட்டமும் சேர்ந்து பழைய நகரை நெரித்தபோது, நகருக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி, வரும் நாட்களின் நெரிசலையும் கணித்து இணையத்தில் காட்டத் தொடங்கினார்கள். கிளம்பும் முன் போனைப் பார்த்துவிட்டு மாலையில் போகலாம் என்று ஒருவர் முடிவு செய்தால் அவருக்கும் நல்லது, உள்ளே இருப்பவர்களுக்கும் நல்லது.

இருப்பிடக் குறிச்சொல்லையே பொதுவாக வைக்கச் சொல்வது இன்னொரு வழி. அமெரிக்காவின் ஜாக்சன் ஹோல் பகுதியின் சுற்றுலா வாரியம் 2018-இல், துல்லியமான இடத்தைக் குறிக்காமல் பொதுப் பெயரை மட்டும் போடுங்கள் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டது. நியூசிலாந்தோ 2021-இல் ஒரு வீடியோவே வெளியிட்டது. சமூக ஊடகத்தில் பார்த்த அதே இடத்தில் அதே போஸில் நிற்பவர்களை ஓர் அதிகாரி வந்து பிடிப்பதாகக் கதை, புதிதாக ஏதாவது பாருங்கள் என்பது செய்தி. படத்தின் காட்சிகளைக் கொண்டே உலகத்தை அழைத்த நாடு, பின்னாளில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள் என்றது. இருபது ஆண்டு அனுபவம் பேசுகிறது அதில்.

பலனை அளப்பது பற்றிச் சுருக்கமாக: லைக் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனை பேர் ஓரிரவு தங்கினார்கள், எந்த ஊர்க் கடையில் செலவழித்தார்கள் என்பதுதான் கணக்கு. கதவு கதவாக, நிறுத்தம் நிறுத்தமாக வேறு வேறு க்யூஆர் கோடு வைத்தால் எவ்வளவு பேர் இரண்டாவது இடத்துக்கும் மூன்றாவது இடத்துக்கும் போனார்கள் என்று தெரிந்துவிடும். பயணியின் பெயரோ எண்ணோ இதற்குத் தேவையில்லை. ரசிகர்களின் அலை எப்போது வரும் என்பதும் படம் வெளியான தேதியை மட்டும் பொறுத்தது இல்லை, ஈசல்ட்வால்டில் அது சில ஆண்டு தாமதித்தே வந்தது.

டார்க் ஹெட்ஜஸுக்குத் திரும்பிப் போகலாம். சாலையோரம் நிறுத்தும் வண்டிகள் வேர்களை நசுக்குகின்றன என்பதால் 2017-இல் அந்தச் சாலையில் வாகனங்களுக்குத் தடை வந்தது. 2023 நவம்பரில், எந்நேரமும் விழலாம் என்ற நிலையில் இருந்த 6 மரங்களை வெட்டி எடுத்தார்கள். இணையத்தில் இன்னும் சுற்றிவருவது கிளைகள் நெருங்கி வானத்தை மூடிய பழைய படம். நேரில் போனால் நடு நடுவே இடைவெளிகள், அவற்றின் வழியே வெளிச்சம். அதைப் பார்த்து ‘இதுதானா?’ என்று முகம் வாடுபவருக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். பருவத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர் ஒருவர் போய், காட்சியில் வந்த அதே கோணத்தில் நின்று புதிய படம் ஒன்றை எடுத்து, தேதியோடு அந்த இடத்தின் இணையப் பக்கத்தில் முதலில் போட்டுவிட்டால் போதும். அதன் கீழேயே அந்த மரங்களின் வயதையும், விழுந்தவை எந்தெந்தக் கதவுகளாயின, அவை எந்தெந்த ஊரில் தொங்குகின்றன என்பதையும் எழுதிவிடலாம்.